நல்லம்மாளின் வலது தோள்

எக்ஸ்ரே படத்தில் எலும்பு பழுதில்லாமல் இருக்கிறது என்று சேலத்து டாக்டர் சொன்ன அன்றைக்கே, அக்காவுக்கு வலி என்று ஒன்றே இல்லை என மயிலம்மாள் முடிவு கட்டிவிட்டாள்.

அது எண்பத்தைந்தாம் வருஷம். மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே, ரோட்டைவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி அவர்களுடைய கோழிப்பண்ணை இருந்தது. அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவானது. பண்ணையைப் பார்த்துக்கொண்டவர் மூத்தவர் நாச்சிமுத்து. இளையவனுக்குச் சின்னண்ணன் என்று பெயர்; திருச்செங்கோட்டுக்காரர் ஒருவரின் ரிக் வண்டியோடு ஆந்திரா பக்கம் போர்க்கிணறு போடப் போய்விடுவான். பண்டிகைக்குத்தான் ஊர் திரும்புவான். நாச்சிமுத்துவின் மனைவி நல்லம்மாள், சின்னண்ணனின் மனைவி மயிலம்மாள். பண்ணைக்குப் பக்கத்திலேயே ஓட்டு வீடு. ஓரகத்திகள் இருவருக்கும் ஒரே அடுப்பு.

முட்டை லாரி வரும் நாளில், முட்டை வைத்த அட்டைகளை அடுக்காகத் தலைக்கு மேலே தூக்கி லாரியில் நிற்பவன் கையில் கொடுப்பது நல்லம்மாளின் வேலை. பண்ணை வைத்த நாளிலிருந்து அவள்தான் செய்துவந்தாள். உயரமானவள், கை நீளம். அந்த ஆடி மாசத்தில் வலது தோள் பிடித்துக்கொண்டது. முதலில் அட்டை தூக்கும்போது மட்டும் சுருக்கென்றது. பிறகு தலை வாரும்போது. பிறகு கையை முதுகுப் பக்கம் கொண்டுபோய்ச் சேலையைச் செருகும்போது. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் போனது. கையைத் தொங்கவிட்டிருந்தால் ஒன்றும் தெரியவில்லை, பல்லைக் கடித்து முழுக்க மேலே தூக்கிவிட்டாலும் அவ்வளவாகத் தெரியவில்லை, நடுவில் தோள் உயரத்துக்கு வரும்போதுதான் உயிர் போகிறது என்றாள்.

"அதென்னங்கக்கா, நடுவால மட்டும் நோவற நோவு?" என்று மயிலம்மாள் கேட்டாள்.

"எனக்கென்ன கண்ணு தெரியும். அப்புடித்தான் நோவுது."

எண்ணெய் காய்ச்சித் தேய்த்தார்கள். வைத்தியர் ஒருவர் பத்துப் போட்டார். உள்ளூர் டாக்டர் ஊசி போட்டார். ஊசி போட்ட வாரம் நன்றாக இருந்தது. அடுத்த லாரி வந்ததும் வலி திரும்பிவிட்டது. அதற்குப் பின் அட்டை தூக்கும் வேலை மயிலம்மாளிடம் வந்தது. மேல் வரிசைக் கூண்டுகளுக்குத் தீவனம் போடுவதும், துவைக்கும் துணியும் அவளுடையதாயின. அதற்கெல்லாம் அவள் முகம் சுளிக்கவில்லை. வேலைக்கு அஞ்சுகிறவள் இல்லை அவள். அவளுக்குள் கசந்தது வேறொன்று. அது சேலத்தில் ஆரம்பித்தது.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர், இது தசையில் வந்த கோளாறு, உடற்பயிற்சி வைத்தியம் செய்ய வேண்டும் என்று அஸ்தம்பட்டியில் ஒரு நர்சிங் ஹோமுக்கு அனுப்பினார். துணைக்கு ஒரு பெண் இருந்தால் நல்லது என்று நல்லம்மாள் சொன்னதால் மயிலம்மாளும் கணவன் மனைவி இருவரோடும் பஸ் ஏறினாள். ஆட்டையாம்பட்டி வழியாகப் போய் இறங்கினார்கள்.

அங்கே பிசியோதெரபி பார்த்தவர் பெயர் தீர்த்தகிரி. கெங்கவல்லிப் பக்கத்துக்காரர், மெட்ராஸில் படித்தவர், இன்னும் கல்யாணம் ஆகாதவர் மாதிரி இருந்தார். நல்லம்மாளை நிற்க வைத்துக் கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கச் சொன்னார். "வலி எங்க ஆரம்பிக்குதோ அங்க சொல்லும்மா. எங்க விடுதோ அதையும் சொல்லு." நடுவில் அவள் முகம் சுருங்கியதையும், அதைத் தாண்டியதும் தெளிந்ததையும் பார்த்துவிட்டு, தன் இடது உள்ளங்கையைக் கூரை போல விரித்து, அதன் கீழே வலது கை முஷ்டியை வைத்துக் காட்டினார்.

"தோளுக்கு மேல இப்படிக் கூரை மாதிரி ஒரு எலும்பு இருக்கு. அதுக்குக் கீழே ஒரு சந்து. அந்தச் சந்துல ஒரு தசைநார் போகுது. வருஷக்கணக்கா கையைத் தலைக்கு மேல தூக்கித் தூக்கி அது வீங்கிடுச்சு. சந்து பழைய அளவுதான், நார்தான் தடிச்சிருக்கு. கை பாதி உயரம் வர்றப்ப கூரையில சிக்கி நசுங்குது. எக்ஸ்ரேல எலும்பு தெரியும், இது தெரியாது."

மயிலம்மாள் சுவரோரம் நின்று கேட்டாள். தெரியாத ஒன்றை இவர் மட்டும் எப்படிக் கண்டார் என்று நினைத்தாள்.

தோளைச் சுற்றியுள்ள சதை இறுகிப்போய்த் தோளையே முன்னால் இழுத்து வைத்திருக்கிறது, அதைக் கையால் அழுத்தி இளக்க வேண்டும், அப்புறம்தான் பயிற்சி என்றார் தீர்த்தகிரி. அவர் கை வைக்க வந்தபோது நல்லம்மாள் முந்தானையை இழுத்து இறுக்கிக்கொண்டாள். அவர் ஒரு அடி பின்னால் போனார்.

"சரிம்மா, நான் தொடல. நீங்களும் தினம் சேலத்துக்கு வர முடியாது. வீட்டுல செய்யறவங்களுக்குச் சொல்லித் தர்றேன்." மயிலம்மாளைப் பார்த்தார். "நீங்க கத்துக்கறீங்களா?"

அவள் தலையாட்டத்தான் போனாள். அதற்குள் நாச்சிமுத்து முன்னால் வந்தார்.

"வேண்டாங்க. இந்த அம்மிணி தலைமேல இப்பவே நெம்ப வேலை கெடக்குது. எனக்குச் சொல்லிக் குடுங்க. நானே பாத்துக்கறேன்."

முட்டை ஏஜெண்டுகளிடம் தொண்டை கிழியச் சண்டை போடும் மனிதர் சட்டையைக் கழற்றி ஸ்டூலில் உட்கார்ந்தார். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று தீர்த்தகிரி அவர் தோளிலேயே அழுத்திக் காட்டினார். பிறகு அவர் எழுந்து தன் மனைவியின் தோள்பட்டையில், ரவிக்கையின் மேல், கட்டைவிரலை வைத்தார்.

"எலும்புமேல வேண்டாம், அதுக்குக் கீழே, சதையில. கோலி மாதிரி ஏதாச்சும் தட்டுப்படுதா?"

"படுதுங்க."

"அதுமேலயே வச்சு மெதுவா அழுத்துங்க. இளகற வரைக்கும் எடுக்காதீங்க. அவசரப்பட்டா அது எதிர்த்துக்கும்." கழுத்தோரம், தோள்பட்டையின் அடி, மார்பின் மேல்பக்கம் என்று ஒவ்வோர் இடமாகச் சொல்லிவிட்டு, தோளின் முன்முனையைக் காட்டினார். "இங்க மட்டும் பலத்தைக் காட்டக் கூடாது. வீங்கின நார் இங்கதான் வெளிய வருது. விரல் நுனியால தடவினா போதும். அழுத்தினீங்கன்னா மொத்தமும் கெட்டுடும்."

அப்புறம் பயிற்சிகள். குனிந்து நின்று கையில் தண்ணீர்ச் செம்போடு ஊஞ்சல் போல ஆட்டுவது. சைக்கிள் டியூபை நறுக்கி ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து வெளிப்பக்கமாக இழுப்பது. முதுகுப் பலகைகள் இரண்டையும் பின்னால் சேர்த்துப் பிடிப்பது. விரல்களைப் பல்லி மாதிரி சுவரில் ஏறவிட்டு, எட்டிய இடத்தில் ஒரு கோடு போடுவது.

திரும்பும் பஸ்ஸில் மயிலம்மாள் பின் சீட்டில் இருந்தாள். முன்னால் நாச்சிமுத்து தன் தொடையிலேயே கட்டைவிரலை ஊன்றி அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்திப் பழகிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடப் பையன் பாடம் ஒப்பிப்பது போல. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சுக்குள் எரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று முதல் சாயங்காலந்தோறும், ஷெட்டில் வேலை முடிந்ததும் நாச்சிமுத்து சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வருவார். நல்லம்மாள் முன்னறையில் பாய் விரித்து உட்காருவாள். கதவைச் சாத்துவதில்லை, வைத்தியம்தானே. அவர் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து தோளை அழுத்துவார். ஆரம்பத்தில் பேச்சே இருக்காது. "இங்கீங்களா?" "சித்த கீழ." அவ்வளவுதான். போகப் போகப் பேச்சு நீண்டது. தீவன விலை, ஹாஸ்டலில் படிக்கும் தங்கள் பையன்கள், எப்போதோ இறந்துபோன மாடு. ஒரு நாள் இருவரும் சிரிக்கும் சத்தம்கூடக் கேட்டது. நாச்சிமுத்து சிரித்து மயிலம்மாள் கேட்டதே இல்லை.

அவள் அந்த நேரத்தில் அடுப்படியில் இருப்பாள். அங்கிருந்து பார்த்தால் அவர்கள் தெரிவார்கள். பார்க்கக் கூடாது என்று நினைப்பாள், பார்ப்பாள். அந்த முரட்டுக் கட்டைவிரல் ஓரிடத்தில் ஊன்றி, அசையாமல், காத்திருப்பதைப் பார்ப்பாள். நல்லம்மாளின் தலை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, மூச்சு இறங்குவதைப் பார்ப்பாள். தன் கல்யாணமான இத்தனை வருஷத்தில், எதையும் கேட்காத ஒரு கை தன்மேல் இப்படி இருந்ததுண்டா என்று யோசித்தால், சோறு அடிபிடிப்பதுகூடத் தெரியாது.

பண்ணையில் கூலிக்கு வரும் குப்பாயியிடம் ஒருமுறை வாய்விட்டாள். "எலும்பு நல்லாருக்குதுன்னு டாக்டரே சொல்லிப்போட்டாரு. இன்னும் என்ன நோவு?"

"இருந்தா இருக்கட்டும் உடுங்க," என்றாள் குப்பாயி. "எனக்கும் ஒரு நோவு வந்தா எம்புருசன் புடிச்சு உடுவானான்னு பாக்கறேன். சாராயக்கடையில இருந்து வந்தாத்தானே."

மயிலம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தீபாவளிக்குச் சின்னண்ணன் வந்தான். இரண்டு நாள் தூங்கினான். மூன்றாம் நாள் காலையில் அவன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் போய், "எனக்கும் இந்தத் தோளு நோவுதுங்க," என்றாள். முழுப் பொய் இல்லை. அட்டை தூக்கித் தூக்கிச் சதை கடுத்துத்தான் இருந்தது.

"அண்ணிகிட்ட இருந்து ஒட்டிக்கிச்சாக்கும்," என்று அவன் சிரித்தான். ஆனாலும் எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் ஒரு தைல டப்பா வாங்கி வந்து கொடுத்தான். "தேய்ச்சுக்க. நல்ல காரமான தைலம்."

அவன் அக்கறையாகத்தான் கொடுத்தான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவன் வேலைக்குத் திரும்பிப் போன பிறகு தைலத்தை எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். வலிக்கிற இடம் தோள்பட்டைக்குப் பின்னால். தன் கை அங்கே எட்டவில்லை. டப்பாவைத் தூக்கி அலமாரியில் எறிந்தாள்.

கார்த்திகையில் நாச்சிமுத்து குஞ்சு வாங்கப் பெங்களூர் போக வேண்டியிருந்தது. போகும்முன் மயிலம்மாளைக் கூப்பிட்டார். "அம்மிணி, நான் வார வரைக்கும் அக்காளுக்கு நீதான் புடிச்சு உடோணும். இப்பத்தான் கொஞ்சம் இளகி வருது. சொவத்துல கோடுகூட இன்னும் ஏற மாட்டேங்குது. நடுவுல உட்டுட்டா வீணாப் போயிரும்."

"செரீங்க மாமா."

சுவரில் கோடுகள் புரட்டாசியில் மளமளவென்று ஏறியிருந்தன. ஐப்பசியில் நின்றுவிட்டன. நல்லம்மாள் கண் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே விரலைக் கொண்டுபோய், "இதுக்கு மேல முடியிலீங்க," என்று நிறுத்திக்கொள்வாள். நாச்சிமுத்து தலையை ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக அழுத்திவிடுவார்.

அவர் பஸ் ஏறிய அன்று மத்தியானம், மயிலம்மாள் தீவன மூட்டை அவிழ்க்க ஷெட்டுக்குள் போனாள். கம்பி வலை வழியாக வீட்டின் பின்பக்கம் தெரிந்தது. நல்லம்மாள் துவைத்த சேலையோடு வெளியே வந்தாள். கொடி உயரமாகக் கட்டியது; மயிலம்மாள் அதில் எக்கித்தான் போடுவாள். நல்லம்மாள் இரண்டு கையாலும் சேலையைப் படபடவென உதறி, வலது கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கிக் கொடியில் வீசினாள். சுருக்கம் நீவினாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. இன்னொரு சேலையையும் அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

மயிலம்மாள் மூட்டையைப் பிடித்தபடி நின்றாள். கோபத்தில் காது அடைத்தது. நான் நினைத்தது சரி, சரி, என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. இத்தனை மாசம் நான் கழுத்து ஒடியத் தூக்கினேன். அவள் நன்றாக இருந்துகொண்டே பாய் விரித்து உட்கார்ந்தாள்.

சாயங்காலம் நல்லம்மாள் பாயில் உட்கார்ந்து, "வா கண்ணு, உனக்கும் சிரமந்தான்," என்றாள்.

மயிலம்மாள் பின்னால் உட்கார்ந்தாள். தீர்த்தகிரி சொன்ன ஒவ்வோர் இடமும் அவளுக்கு நினைவிருந்தது. முதலில் தோள்பட்டையின் அடியில் கை வைத்தாள். கோலி என்று எதுவும் தட்டுப்படவில்லை. சதை பஞ்சு மாதிரி இருந்தது. அவ்வளவு தூரம் ஒரு மனிதர் இளக்கி வைத்திருக்கிறார். அது அவளை இன்னும் கிளறியது. கையைத் தோளின் முன்முனைக்குக் கொண்டுபோனாள். கூடாது என்று அவர் சொன்ன அதே இடத்தில் கட்டைவிரலை ஊன்றி, உடம்பின் கனத்தையெல்லாம் அதில் இறக்கினாள்.

"மயிலா, சித்த மெதுவா."

"மாமா இப்புடித்தானே அழுத்துவாரு."

மயிலம்மாள் விரலை எடுக்கவில்லை. நாரின் குறுக்கே அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். பிறகு அந்தக் கையைப் பிடித்து வெடுக்கென்று மேலே இழுத்தாள். நல்லம்மாளின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சத்தம் வந்த பிறகுதான் மயிலம்மாள் கையை விட்டாள். "போதுங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் நல்லம்மாளால் காப்பி டம்ளரைத் தூக்க முடியவில்லை. இடது கையால் குடித்தாள். தோளின் முன்பக்கம் தொட்டால் சுட்டது. சீப்பை எடுத்துவந்து மயிலம்மாளிடம் நீட்டினாள்.

"இன்னிக்கு நீதான் சீவி உடோணும்."

மயிலம்மாள் வாங்கிக்கொண்டாள். சிக்கெடுத்து வாரினாள். பின்னல் பாதி வந்தபோது நல்லம்மாள் திரும்பாமலேயே கேட்டாள்.

"அந்த எடத்துல அழுத்தக் கூடாதுன்னு உனக்குத் தெரியுந்தானே?"

"தெரியுமுங்க."

"பொறவேன்?"

"நீங்க சேலை காயப்போட்டதைப் பாத்தனுங்க."

நல்லம்மாளின் முதுகு விறைத்தது. மயிலம்மாள் பின்னலைக் கையில் பிடித்தபடியே இருந்தாள்.

"ஐப்பசியிலயே நல்லாயிருச்சு மயிலா," என்றாள் நல்லம்மாள். குரல் தணிந்திருந்தது. "சொல்லோணும்னுதான் இருந்தேன். வாய் வரல. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து அந்த மனுசன் எங்கூட என்ன பேசியிருக்காரு? லாரி வந்துச்சா, தீவனம் எறங்குச்சா, சோத்தைப் போடு. அவ்வளவுதான். கெட்ட மனுசன் இல்ல. பேசத் தெரியாது. இப்பத்தான் எம்பக்கத்துல உக்காந்து பேசறாரு. கை நல்லாயிருச்சுன்னு சொன்னா எந்திரிச்சு ஷெட்டுக்குப் போயிருவாரு."

மயிலம்மாள் பின்னலை முடிந்தாள். வென்றுவிட்ட சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பொறாமைதான் இன்னும் பெரிதாக இருந்தது.

"அப்புடிப் பொய் சொல்லியாச்சும் உங்களுக்குக் கெடைச்சுதுங்களே அக்கா," என்றாள். "எனக்கு நெசமாவே நோவுதுன்னு சொன்னதுக்குத் தைலம் வாங்கியாந்து குடுத்தாருங்க."

நல்லம்மாள் அப்போதுதான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

நாச்சிமுத்து பெங்களூரிலிருந்து வந்து, மனைவி கையை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்துப் பதறிப்போனார். அன்றே மூவரும் மறுபடி சேலம் போனார்கள். தீர்த்தகிரி கையைத் தூக்கச் சொன்னார். தோள் உயரத்துக்குக்கூட வரவில்லை. விரலால் முன்முனையை லேசாகத் தொட்டதும் நல்லம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நார் மறுபடி வீங்கியிருக்கு. இந்நேரம் முக்கால்வாசி குணமாகியிருக்கணும்," என்றார் அவர். "இந்த முனையில யாரு அழுத்தினது?"

மயிலம்மாள் சுவரோரம் நகர்ந்து நின்றாள்.

"யாரும் அழுத்துலீங்க," என்றாள் நல்லம்மாள். "லாரி வந்துச்சு. நான்தான் பொறுக்காம அட்டையைத் தூக்கிக் குடுத்துட்டேன்."

தீர்த்தகிரி நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் நம்பிக்கொண்டது போலத் தலையாட்டிவிட்டு, கொஞ்ச நாள் கைக்கு ஓய்வு, ஐஸ் ஒத்தடம், வலி தணிந்ததும் முதலிலிருந்து பயிற்சி என்று சொன்னார். நாச்சிமுத்துதான் எதையும் கேட்காமல் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கையி முரட்டுக் கையிங்க. மம்பட்டி புடிச்ச கை. பெங்களூர் போறதுக்கு மொத நாளு கோடு ஏறலையேன்னு கொஞ்சம் பலமா அழுத்திட்டேன். அதாத்தான் இருக்கும். இனி நான் தொட மாட்டனுங்க. அம்மிணியே செய்யட்டும்."

நல்லம்மாள் அவரைப் பார்த்தாள். தன்னைக் காக்கத்தான் அவள் லாரிக் கதை சொன்னாள் என்று அவர் நினைத்துவிட்டார். மயிலம்மாளைக் காட்டிக்கொடுக்காமல் மறுத்துச் சொல்ல அவளுக்கு வழியில்லாமல் போயிற்று.

மயிலம்மாள் மனசுக்குள் ஆசைப்பட்டதெல்லாம் நடந்துவிட்டது. சாயங்காலங்களில் சிரிப்புச் சத்தம் நின்றது. நாச்சிமுத்து ஷெட்டு வாசலில் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து ரேடியோ கேட்டார். பாயில் நல்லம்மாளுக்குப் பின்னால் மயிலம்மாள் உட்கார்ந்தாள். அவள் இப்போது சரியாகச் செய்தாள். முனையைத் தொடவே இல்லை. நடமாடாத கையைச் சுற்றிச் சதை மறுபடி இறுகியிருந்தது. தோள்பட்டையின் அடியில் முடிச்சுகள் திரும்ப வந்திருந்தன. ஒன்றின்மேல் விரலை வைத்து, இளகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவசரப்பட்டால் அது எதிர்த்தது. நல்லம்மாளின் பார்வை திறந்திருந்த கதவு வழியாக வாளிமேல் இருந்தவரிடம் போய்க்கொண்டே இருந்தது.

தான் பார்த்துப் பார்த்து எரிந்தது போல இவளும் இப்போது பார்க்கிறாள் என்பது மயிலம்மாளுக்குப் புரிந்தது. ஆனாலும் உடனே எழுந்து போய் உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. இருக்கட்டும், கொஞ்ச நாள் இவளும் பட்டுப் பார்க்கட்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு அவள் வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே இன்னும் சில வாரம் சும்மா இருந்தாள்.

பொங்கலுக்குச் சின்னண்ணன் வரவில்லை. வண்டி கடப்பைப் பக்கம் பழுதாகி நின்றுவிட்டதாகச் சொல்லியனுப்பினான். மாட்டுப் பொங்கலன்று காலையில் நாச்சிமுத்து கூண்டுகளுக்குத் தண்ணீர் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். மயிலம்மாள் முட்டை பொறுக்கிக்கொண்டே அவர் பக்கம் வந்தாள்.

"மாமா, அக்கா தோளு உங்க கையால கெடலீங்க."

அவர் குழாயை மூடினார்.

"எங்கையாலதானுங்க. தெரிஞ்சேதான் அந்த எடத்துல அழுத்துனேன்."

அவர் கத்துவார் என்று நினைத்தாள். அவர் அவளைப் பார்த்தார், பிறகு அவள் கையிலிருந்த முட்டைக் கூடையைப் பார்த்தார்.

"எதுக்கு அம்மிணி?"

நீங்கள் கை கழுவிக்கொண்டு வருவதைப் பார்க்க முடியவில்லை என்று கணவனின் அண்ணனிடம் எப்படிச் சொல்வது? கண்ணீர் வந்தது. கூடையை வைத்துவிட்டு முந்தானையால் துடைத்தாள்.

"வேலை உனக்கு நெம்ப அதிகமாயிப் போச்சு," என்றார் அவர் கடைசியில். அவருக்குப் புரிந்தது அவ்வளவுதான், அல்லது அவ்வளவு போதும் என்று நினைத்தார். "லாரிக்கு ஒரு ஆளு போடோணும். நான் மொதல்லயே போட்டிருக்கோணும்." அடுத்த வாரமே ஒரு ஆளைப் போட்டார்.

மாட்டுப் பொங்கலன்று சாயங்காலமே அவர் கை கழுவிக்கொண்டு வந்து, வாசற்படியில் தயங்கி நின்றார். மயிலம்மாள் பாயிலிருந்து எழுந்து வழிவிட்டாள். நல்லம்மாளுக்கு முகம் சிவந்தது. அவர் உட்கார்ந்து, பயந்து பயந்து விரல் வைத்தார்.

மாசி முடிவதற்குள் சுவர்க் கோடு, போன தடவை நின்ற இடத்தைத் தாண்டி, கை எட்டும் உயரம் வரைக்கும் போயிற்று. இந்தத் தடவை நல்லம்மாள் பொய் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் அவர் பின்னால் வந்து உட்கார்ந்ததும், "நோவு போயிருச்சுங்க," என்றாள்.

"நெசமாவா?" என்று அவர் கையைத் தூக்கச் சொன்னார். பக்கவாட்டில், முன்னால், முதுகுக்குப் பின்னால். எல்லாம் சரளமாக வந்தன. கபடியில் ஜெயித்தவர் மாதிரி அவர் எழுந்து நின்றார். "செரி. பயிற்சியை மட்டும் உட்றாத," என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டார்.

நல்லம்மாள் பாயிலேயே இருந்தாள். மயிலம்மாள் அடுப்படியிலிருந்து பார்த்தாள். சந்தோஷம் வரவில்லை அவளுக்கு. இரண்டு டம்ளரில் காப்பி ஊற்றிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாளும் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாள், அந்த நேரத்துக்கு, கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, எதற்கு வந்தோம் என்று தெரியாதவர் போல நின்றார். பிறகு கதவோரம் தரையில் உட்கார்ந்து, புதுக் குஞ்சுகளில் எத்தனை நொண்டுகின்றன என்று பேச ஆரம்பித்தார். நல்லம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பங்குனி உத்திரத்துக்குச் சின்னண்ணன் வந்தான். வெயிலில் கறுத்து, இளைத்து வந்திருந்தான். நன்றாகத் தூங்கி எழுந்து, மத்தியானச் சோறு தின்றுவிட்டு, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது மயிலம்மாள் அவன் முன்னால் தரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"சித்த நேரம் எந்தோள்ல கை வைங்க."

"மறுபடி நோவுதா? தைலம் தீந்துபோச்சா?"

"நோவு ஒண்ணுமில்லீங்க."

"பொறவென்னத்துக்கு?"

"சும்மாதான்."

அவன் வேலி பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்திருக்க வேண்டும். அப்புறம் இரண்டு கையையும் அவள் தோள்மேல் வைத்தான். கனமாக இருந்தது. தோல் வெடித்துச் சொரசொரப்பாக இருந்தது. பைப்பை முறுக்குவது போல முறுக்க ஆரம்பித்தான்.

"அப்புடியில்லீங்க." அவன் கட்டைவிரலைப் பிடித்துத் தோள்பட்டையின் அடியில் வைத்தாள். "இங்க வெச்சு சும்மா இருங்க. அதுவா இளகும்."

"ஆரு சொல்லிக் குடுத்தா?"

"அக்கா தோள்ல கத்துக்கிட்டது."

அவன் அப்படியே இருந்தான். முதலில் அவசரம் தெரிந்தது விரலில், பிறகு தெரியவில்லை. ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்திருக்க நேர்ந்ததால்தானோ என்னவோ, கடப்பைப் பக்கத்தில் எவ்வளவு ஆழம் போயும் தண்ணீர் வராத ஒரு காட்டைப் பற்றிச் சொன்னான். காட்டுக்காரர் இரவெல்லாம் வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். விடிந்ததும் எல்லோருக்கும் சோறாக்கிப் போட்டு அனுப்பினாராம். அவன் அங்கே என்ன செய்கிறான், யாரோடு இருக்கிறான் என்று அதுவரை மயிலம்மாளுக்கு ஒன்றுமே தெரியாது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம் அவன் வண்டி ஏறிவிட்டான். ஆடிக்கு வரப் பார்க்கிறேன் என்று சொல்லிப் போனான். சாயங்காலங்களில் நாச்சிமுத்துவும் நல்லம்மாளும் பேசிக்கொண்டிருக்கும்போது மயிலம்மாளுக்கு இன்னமும் உள்ளே எரியத்தான் செய்தது. ஆனால் அவள் அடுப்படிக்குப் போய்விடவில்லை. முட்டைக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு அந்த அறையிலேயே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் துடைத்து அட்டையில் வைத்தாள்.